படத்தின் ஓரத்தில் நின்ற குச்சி

ஸ்டுடியோக்காரி என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பாஸ்போர்ட் போட்டோ, அடையாள அட்டைக்கு ஒட்டுகிற போட்டோ, புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்கிற போட்டோ எல்லாம் அவளிடம்தான். இரண்டு பேர் உள்ளே போனால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய அளவுக்குத்தான் கடை. ஒரு வெள்ளைத் திரை, ஒரு முக்காலி, இரண்டு குடை விளக்கு, சுவரில் ஒரு கண்ணாடி, அதற்குக் கீழே சங்கிலி போட்டுக் கட்டிய சீப்பு.

“என்னம்மா, பேங்க்ல பேனாவைக் கட்டிப்போட்ட மாதிரி சீப்பைக் கட்டிப்போட்டிருக்கீங்க?” என்று யாராவது கேட்பார்கள்.

“பேனா போனா ஒரு பேனாதான் போச்சு. சீப்பு போனா உங்க தலையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?” என்பாள்.

முக்காலியில் ஆள் உட்கார்ந்துவிட்டால் அவள் கை சும்மா இருக்காது. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குவாள். காலரை நிமிர்த்துவாள். சட்டையில் நூல் பிரிந்து தொங்கினால் கேட்கக்கூட மாட்டாள், நகத்தால் கிள்ளிப் போட்டுவிடுவாள். “காது தெரியணும்ங்க, இல்லாட்டி ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க.” யாரும் கோபித்துக்கொண்டதில்லை. படத்தில் எல்லோரும் சுத்தமாக, பளிச்சென்று இருப்பார்கள் அல்லவா?

அந்தக் கைதான் அவளைக் கெடுத்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றைக்கு அவளும் அவளுடைய அண்ணியும் ஊருக்கு வெளியே இருக்கிற காட்டுக்குப் போவார்கள். அண்ணி என்றால் அவள் அண்ணனின் மனைவி, மருந்துக்கடையில் வேலை. டாக்டர்களின் கிறுக்கலை வருஷக்கணக்காகப் படித்துப் படித்து, எதையும் லேசில் விடாத கண் அண்ணிக்கு. நாத்தனார் படம் எடுப்பாள். அண்ணி அது என்ன பூ என்று கண்டுபிடிப்பாள். தானாக மரத்தடியில் முளைக்கிற பூக்கள்தான், தோட்டத்துப் பூ எதுவும் கணக்கில் இல்லை. இலை எதிரெதிரா, மாற்றி மாற்றியா, தண்டில் மயிர் உண்டா, இதழ் ஒட்டியிருக்கிறதா, பிரிந்திருக்கிறதா என்று புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகத் தாண்டிப் போனால் கடைசியில் பேர் வரும். வந்த அன்றைக்கு அண்ணி பாத்திரம் கழுவும்போதுகூடப் பாட்டு முணுமுணுப்பாள்.

“ரெண்டு பேரும் விடியக்காலம் காட்டுக்குப் போறீங்க. ஒரு நாளாவது ஒரு கட்டுக் கீரை கொண்டு வந்தீங்களா?” என்பான் அண்ணன்.

“கொண்டு வந்தா நீங்க சமைப்பீங்களா?” என்பாள் அண்ணி. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

போன மழையில் சரிவில் வழுக்கி விழுந்து அண்ணியின் முழங்கால் போய்விட்டது. ஆபரேஷன் ஆகியும் கைத்தடி போகவில்லை. அதிலிருந்து அண்ணிக்குக் கால் நாத்தனார்தான். ஞாயிறு மத்தியானம் கேமராவிலிருந்து படம் பதிகிற அட்டையைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுப்பாள். அண்ணி சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகக் காட்டுக்குள் நடப்பாள்.

இவர்களைப் போலப் பூவுக்கு அலைகிறவர்கள் அந்த ஊரில் ஒரு கூட்டமாக இருந்தார்கள். படங்களைப் போனில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். தலைவர் ஒரு ஓய்வுபெற்ற நில அளவையர். எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்றே பேர். புத்தகத்தில் இருக்கிற பேர்கள் வாயில் நுழையாது என்று கூட்டத்தில் ஒவ்வொரு பூவுக்கும் ஒரு செல்லப்பேர் வைத்திருந்தார்கள். நீலச்சொட்டு, குடைக்காரி, இப்படி.

அவர்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. பெருக்கக் கூடாது. படத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று சருகைத் தள்ளுவது, பக்கத்துச் செடியை ஒடிப்பது, குச்சியைப் பிடுங்குவது, இதற்கெல்லாம் அவர்கள் வைத்த பேர் பெருக்குவது. சருகை எடுத்தால் வேர் காய்ந்துவிடும். பக்கத்தில் இருப்பதை ஒடித்தால் மறைப்பு போய் வெயிலும் பூச்சியும் பூவைத் தேடி வரும். இந்தக் கட்டுப்பாட்டை முதலில் கொண்டுவந்ததே அண்ணிதான். யாராவது பெருக்கியது தெரிந்தால், “உங்க வீட்டுல விருந்தாளி வந்து சோபாவைத் தூக்கி வெளியே போட்டா சும்மா இருப்பீங்களா?” என்று கூட்டத்தின் நடுவிலேயே கேட்டுவிடுவாள்.

கூட்டத்திலேயே சுத்தமான படம் ஸ்டுடியோக்காரியின் படம்தான். பூ மட்டும் நிற்கும், பின்னால் ஒரு இணுக்கு இருக்காது. “எப்படிக்கா இவ்வளவு தெளிவா வருது?” என்று எல்லோரும் கேட்பார்கள். “லென்ஸு அப்படி” என்பாள். உங்களுக்குப் புரிந்திருக்கும். அவள் பெருக்கினாள். முன்பும் அண்ணி அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது பெருக்குவாள். அண்ணி வீட்டோடு இருந்த பிறகு யாருக்கும் பயப்படாமல் பெருக்கினாள். பெருக்குவதற்கு முன்னால் ஒரு படம், எந்த இடம், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்வாள். கடையில் வாடிக்கையாளருக்குத் தலை வாருவதற்கு முன்னும் ஒன்று எடுத்துப் பார்ப்பாள், அதே பழக்கம். அந்த முதல் படங்களை அட்டையிலிருந்து எடுத்துக் கடைக் கம்ப்யூட்டரில் தனியாகப் போட்டுவிட்டுத்தான் அட்டையை அண்ணிக்குக் கொடுப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய மரத்தடியில் நீலச்சொட்டு கூட்டமாகப் பூத்திருந்தது. குப்புறப் படுத்துக் கேமராவில் கண்ணை வைத்தாள். ஓரத்தில் வைக்கோல் நிறத்தில் ஒரு குச்சி, சரியாக உள்ளே நீட்டிக்கொண்டு நின்றது. அங்கேயிருந்தே முதல் படத்தை எடுத்துவிட்டு, இன்னும் கிட்டே ஊர்ந்துபோய்க் கையை நீட்டிக் குச்சியை இழுத்தாள்.

காய்ந்த குச்சி என்றால் படக்கென்று ஒடிய வேண்டும். இது ஒடியவில்லை. குளிர்ச்சியாக, மெத்தென்று, ஈரத்தோடு, அடியில் கிழங்கு போல ஒரு முடிச்சோடு மண்ணை விட்டு வந்தது. விரலுக்குத் தெரிந்துவிட்டது, இது உயிருள்ளது என்று. ஒரு நொடி கையில் வைத்திருந்தாள். இலை இடுக்கில் விழுந்த காலை வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது. பின்பக்கம் எறிந்துவிட்டுப் படம் எடுத்தாள். அந்தப் படத்தைக் கூட்டமே கொண்டாடியது.

திரும்பி வருகிற வழியில், கடை வாசலில் ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு நின்றது. அவசரமாக ஊருக்குப் போக வேண்டுமாம், பாஸ்போர்ட் போட்டோ வேண்டுமாம். குழந்தை கண்ணைத் திறந்தால் வாயையும் திறந்தது. அதோடு மல்லாடி முடிப்பதற்குள் நேரமாகிவிட, அட்டையை அப்படியே கொண்டுபோய் அண்ணியிடம் கொடுத்துவிட்டாள். முதல் படத்தைத் தனியே எடுக்க மறந்துபோனாள்.

மறுநாள் கடையில் இருந்தபோது அண்ணியிடமிருந்து போன் வந்தது.

“நீ எங்க இருக்க? உட்கார்ந்திருக்கியா நின்னுட்டிருக்கியா?”

“ஏன் அண்ணி, என்னாச்சு?”

“உட்காரு. நேத்து நீலச்சொட்டு எடுத்தியே, தள்ளியிருந்து ஒண்ணு எடுத்திருக்க பாரு. அதுல ஓரத்துல ஒண்ணு நிக்குது. குச்சின்னு நினைச்சுடாத. இலையே இல்ல, பச்சையே இல்ல. மேல மூணு பூ. அதுல ஒண்ணுக்குப் பின்னாடி வால் மாதிரி தெரியுது.”

இந்த இடத்தில் நான் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அந்தக் காட்டில் இலையில்லாத பூ ஒன்று உண்டு. பச்சை கிடையாது, அதனால் வெயிலை வைத்துச் சமைத்துக்கொள்ளத் தெரியாது. மண்ணுக்குள் இருக்கிற பூஞ்சையிடம் கையேந்திப் பிழைக்கும். அதில் வாலில்லாத சாதி எங்கும் கிடைக்கும். பூவுக்குப் பின்னால் வால் போலச் சின்னப் பை தொங்குகிற சாதி, வால்காரி, அந்தக் காட்டில் இருந்ததாகப் புத்தகத்தில்தான் இருந்தது. இப்போது இருக்கிறவர்கள் யாரும் கண்ணால் கண்டதில்லை. கால் நன்றாக இருந்தபோது அண்ணி ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அதைத் தேடிக் குனிந்து குனிந்து நடந்திருக்கிறாள்.

“வாலில்லாததா இருக்கும் அண்ணி.”

“இருக்கலாம். அதான் நேர்ல பார்க்கணும். எந்த மரம் அது?”

“சரியா ஞாபகம் இல்ல.”

“உனக்கா? போன வருஷம் எந்தக் கல்லு மேல செருப்பைக் கழட்டி வச்சேன்னு சொன்ன ஆளு நீ.”

அண்ணி படத்தைக் கூட்டத்துக்கு அனுப்பினாள். பூதக்கண்ணாடி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பதில் போட்டார். படம் கலங்கலாக இருக்கிறது, வால் என்பது பின்னால் இருக்கும் வேரின் நிழல், கால் வலியில் இருப்பவர்களுக்குக் காட்டில் இருக்கிற எல்லாமே வால்காரியாகத் தெரியும். கடைசி வரி வேடிக்கைக்குத்தான். பலர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அண்ணி ஒன்றும் போடவில்லை.

அன்று சாயங்காலம் ஸ்டுடியோக்காரி அண்ணன் வீட்டுக்குப் போனபோது, அண்ணி கைத்தடியோடு மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

“நீயே சொல்லு இவகிட்ட,” என்றான் அண்ணன். “டாக்டர் படியே ஏறக்கூடாதுன்னாரு. இவ ஞாயித்துக்கிழமை சரிவுல இறங்கப் பழகறாளாம்.”

“விழுந்தா என் கால்தானே.”

“விழுந்தா தூக்கறது என் இடுப்பு.”

“உங்க இடுப்பு நாற்காலியை விட்டு எழுந்திருச்சே நாளாச்சு.” மூச்சு வாங்க நாத்தனார் பக்கம் திரும்பினாள் அண்ணி. “நீ முன்னாடி நட, நான் உன் தோளைப் பிடிச்சுக்கறேன். மெதுவா போயிடலாம். அது வாடறதுக்குள்ள பார்த்துடணும்.”

அந்த ராத்திரி முழுக்க ஸ்டுடியோக்காரிக்கு இதே நினைப்புதான். அண்ணி அந்த முழங்காலோடு சரிவில் இறங்கி, மரத்தடியில் எதைப் பார்ப்பாள்? குழியை.

மறுநாள் கடைக் கதவில் சீக்கிரம் வருகிறேன் என்று எழுதித் தொங்கவிட்டுவிட்டுத் தனியாகக் காட்டுக்குப் போனாள். வேறு ஒன்று முளைத்திருக்காதா என்று மரத்தைச் சுற்றி முழங்காலால் நகர்ந்து தேடினாள். நீலச்சொட்டு இருந்தது, அதுவும் சோர்ந்துபோய், அவள் சருகைத் தள்ளின இடத்தில் மண் வெடித்து. வேறெதுவும் இல்லை. எறிந்த திசையில் ஒரு விழுந்த மரத்தின் மேல் அது கிடந்தது. கறுத்து, சுருங்கி, எரிந்த தீக்குச்சி மாதிரி. பழைய பிலிம் டப்பாவுக்குள் அதை வைத்து மூடினாள்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினாள். இதை நான் சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் கதவைத் திறந்த அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்துவிட்டது.

“அண்ணி, அது போயிடுச்சு. முள்ளம்பன்றி போல இருக்கு. கிண்டிப் போட்டிருக்கு. இதுதான் கிடைச்சுது.”

அண்ணி டப்பாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் திறக்கவே இல்லை. அப்புறம், “நீ எதுக்கு அழற?” என்றாள். “நீ என்ன பண்ணுவ? வேலையை விட்டுட்டுப் போய்த் தேடிக் கொண்டு வந்திருக்க. வேற யாரும் போயிருக்க மாட்டாங்க.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் பாவம்.

காய்ந்த பூவைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு ஊறவிட்டால், சுருங்கினது மெல்ல விரியும். அண்ணி ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, பூவைக் கிள்ளிப் போட்டு, லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அப்புறம் இரண்டு ஊசியால் இதழை ஒவ்வொன்றாக விலக்கினாள். மேஜைக்கு இந்தப் பக்கம் நாத்தனார் உட்கார்ந்து ஊசி நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருக்கு,” என்றாள் அண்ணி.

லென்ஸை இவள் பக்கம் நீட்டினாள். தண்ணீரில் ஒரு அரிசி மணிகூட இல்லாத அளவுக்கு ஒரு பை, பூவின் முதுகில், வால் மாதிரியே தொங்கியது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பூவுக்கு அடியில் விதை பிடிக்கிற சூல்பையை ஊசியால் கீறிப் பார்த்தாள்.

“விதை பிடிக்கல. இன்னும் கொஞ்ச நாள் நின்னிருந்தா பிடிச்சிருக்கும். தூசி மாதிரி ஆயிரம் விதை.” தலையை ஆட்டிக்கொண்டாள். “முள்ளம்பன்றிக்கு என்ன தெரியும்.”

நாத்தனாரைப் படம் எடுக்கச் சொல்லி உடனே பூதக்கண்ணாடிக்கு அனுப்பினாள். அவரே போன் செய்தார். அண்ணி எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

“டாக்டரம்மா, நான் தோத்தேன்.” மருந்துக்கடையில் இருப்பதால் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். “வால்தான். நிழல்னு சொன்ன வாயைத் தைச்சுக்கறேன். உங்க நாத்தனாருக்கு ஒரு மாலையே போடணும். அவங்க போய்த் தேடலைன்னா இது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.”

“ஆமா,” என்றாள் அண்ணி, நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு.

“ஆனா முள்ளம்பன்றி ருசி கண்டுடுச்சுன்னா விடாதும்மா. மண்ணுக்குள்ள இன்னும் கிழங்கு இருக்கலாம். ஓடைப் பாறைப் பொந்துல ஒரு ஜோடி இருக்கு, அதுங்க வேலையாத்தான் இருக்கும். காட்டு இலாகாவில எனக்குத் தெரிஞ்சவர் இருக்காரு. கூண்டு வைக்கச் சொல்லி இப்பவே பேசிடறேன்.”

“கூண்டா? போன தடவை வச்சப்போ ஒண்ணு உள்ளேயே முட்டி மோதிச் செத்துப்போச்சே,” என்றாள் அண்ணி.

“என்ன பண்றது? வால்காரி ஒண்ணே ஒண்ணுதான். முள்ளம்பன்றி காட்டுல எவ்வளவோ இருக்கு.”

அண்ணி யோசித்தாள். “சரி. பேசுங்க,” என்றாள்.

“வேண்டாம்ங்க.” ஸ்டுடியோக்காரிக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போல இருந்தது. “கூண்டு வேண்டாம். முள்ளம்பன்றி இல்ல. நான்தான் பிடுங்கினேன்.”

அண்ணியின் கை இன்னும் இவள் கை மேல்தான் இருந்தது.

“படத்துல குறுக்க நின்னுது. குச்சின்னு நினைச்சேன். இல்ல… இழுத்தப்பவே தெரிஞ்சுது குச்சி இல்லைன்னு. தெரிஞ்சுதான் எறிஞ்சேன்.”

பூதக்கண்ணாடிதான் முதலில் கேட்டார். குரலில் கோபம் இல்லை. நில அளவைக்காரர் கேட்கிற மாதிரியே கேட்டார். “இது ஒண்ணுதானா, இல்ல எல்லாப் படமும் இப்படித்தான் எடுத்தீங்களா?”

“எல்லாமே.”

“அப்படியா,” என்றார். “டாக்டரம்மா, நான் அப்புறம் பேசறேன்.”

அண்ணி கையை எடுத்துக்கொண்டாள். ஊசிகளைத் துடைத்து உறையில் போட்டாள். லென்ஸை மூடினாள். கூடத்துச் சுவரில் நாத்தனார் எடுத்த பூப்படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் கொடுத்தவை. அண்ணி அந்தச் சுவரைப் பார்த்தாள், ஒவ்வொன்றாக, கடைசி வரைக்கும்.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் டீ எடுத்துக்கொண்டு வந்தான். “விடு, ஒரு குச்சிதானே. தெரியாம…”

அண்ணி அவனைப் பார்த்தாள். டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

“நீ எடுக்கற முதல் படம், பெருக்கறதுக்கு முன்னாடி, அதெல்லாம் வச்சிருக்கியா?”

“கடையில இருக்கு அண்ணி.”

“கொண்டா.”

கொண்டு வந்தாள். அண்ணி பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். அங்கேதான் உட்கார வேண்டியிருந்தது. திரையில் இடப்பக்கம் பெருக்காத படம், வலப்பக்கம் எல்லோரும் பாராட்டின படம். அண்ணி இடப்பக்கத்தை மட்டும் பெரிதாக்கினாள். நடுவில் இருக்கிற பூவை விட்டுவிட்டு, ஓரங்களுக்குப் போனாள்.

“இது குடைக்காரியோட கன்னு. பூக்கறதுக்கு இன்னும் பல வருஷம் இருந்திருக்கும்.” அடுத்த படம். “இது பாசி, பேர் பார்க்கணும். அது மேல முட்டை இருக்கு பாரு, ஏதோ பூச்சியோடது.” அடுத்தது. “இது புல்லு.”

ஸ்டுடியோக்காரியிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்துவிட்டது.

“என்ன மூச்சு விடற? புல்லுக்கும் பேர் இருக்கு. பார்த்துச் சொல்றேன்.”

“அண்ணி, என்னை ரெண்டு வார்த்தை திட்டிடுங்களேன்.”

“திட்டினா உனக்குத் தேவலாம் போல இருக்கும். அடுத்ததைப் போடு.”

போட்டாள். அது அண்ணிக்குக் கால் நன்றாக இருந்தபோது எடுத்தது. சேற்று ஓரத்தில் வெள்ளைப் பூ. அதற்கு வெளிச்சம் திருப்ப மேலே வெள்ளைக் குடை. குடைக் கம்பைப் பிடித்திருக்கும் கையில் அண்ணியின் வளையல். பூவுக்குப் பக்கத்தில், அண்ணியின் செருப்பு நுனியை ஒட்டி, வைக்கோல் நிறத்தில் மெல்லிசாக ஏதோ நின்றது. வலப்பக்கப் படத்தில் அது இல்லை.

அண்ணி பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். புள்ளி புள்ளியாக உடைந்து ஒன்றும் தெரியாமல் போகிற வரைக்கும் பெரிதாக்கினாள்.

“அன்னிக்கு இந்தப் படத்தைப் பார்த்துட்டு, என்ன சுத்தமா இருக்குன்னு நான்தானே முதல்ல சொன்னேன்,” என்றாள்.

அண்ணி முழங்காலைத் தடவிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்ததைப் போடு என்று சொல்ல அவளுக்கு வெகுநேரம் ஆனது.